நின்ற நெஞ்சை அழுத்தியவள்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே வரிசையாக இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் ஒன்றில் தமிழ்செல்வியைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். மனு கொடுக்க வருகிறவர்கள் ஆதார் அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நீட்டினால், கேட்காமலேயே இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுப்பாள். சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வருடத்துக்கு மேல் கடைப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்தபோது குரல் பாதியாகியிருந்தது. என்ன நடந்தது என்று அவளே துண்டு துண்டாகச் சொன்னாள். சேர்த்து எழுதினால் இப்படி வருகிறது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் வீடு. கணவர் கோதண்டராமன் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது. பீடி கிடையாது, குடி கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒரே மகள் அபிநயா, காலேஜில் படிக்கிறாள், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமியும்கூட. காலையிலேயே பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. கோதண்டராமன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தமிழ்செல்வி உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கேன் உருண்டு போகும் சத்தம் கேட்டது. அதன் பிறகு குறட்டை விடுவது மாதிரி ஒரு சத்தம். வாசலில் உட்கார்ந்து யார் குறட்டை விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் எட்டிப் பார்த்தாள்.

அவர் வண்டிக்குப் பக்கத்தில் மல்லாக்கக் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் மீன் மாதிரி ஒரு தரம் திறந்தது, நெடுநேரம் கழித்து இன்னொரு தரம் திறந்தது. முகம் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் ஓடி வந்தார். "வலிப்பு, வலிப்பு. இரும்பு எட்த்தாம்மா" என்று சொல்லித் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தையே எடுத்து அவர் கையில் திணித்தார். விரல்கள் அதை மூடவில்லை. சாவி மண்ணில் விழுந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அபிநயா மட்டும் தள்ளி நின்று 108-க்குப் போன் போட்டு, விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போனில் ஒரு பெண் குரல். "மூச்சு ஒழுங்கா வருதாம்மா?"

"எப்பவாச்சும் ஒண்ணு வருது. குறட்டை மாதிரி."

"அது மூச்சு இல்லம்மா. போன ஸ்பீக்கர்ல போடுங்க. கிட்ட யார் இருக்கீங்க? அவர் நெஞ்சுக்கு நடுவுல ஒரு உள்ளங்கைய வெச்சி, அது மேல இன்னொரு கைய வெச்சி, பலமா அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

தமிழ்செல்வி முட்டி போட்டு உட்கார்ந்தாள். ராஜமாணிக்கம் அவள் தோளைப் பிடித்தார். "வேணாம்மா, எலும்பு ஒடஞ்சிடும். அப்புறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்."

போனில் இருந்த பெண்ணுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "ஒடஞ்சா பரவால்லம்மா, ஒட்ட வெச்சிக்கலாம். அழுத்துங்க" என்றாள்.

அழுத்தினாள். போனில் அந்தப் பெண் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்கு அடியில் டக்கென்று ஒரு சத்தம். பச்சைக் கழியை ஒடிக்கிற மாதிரி. விலா எலும்பு. அவள் கை தானாக நின்றது. "அம்மா, நிறுத்தாத" என்று அபிநயா அலறினாள். மறுபடியும் அழுத்தினாள். ஒடிந்த இடம் கைக்குக் கீழே அசைவது தெரிந்தது.

பௌர்ணமிக்காகப் பாதையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். சைரன் சத்தம் கேட்கிறது, ஆனால் கிட்டே வரவில்லை. கேட்டுக்கொண்டே அழுத்த வேண்டியிருந்தது. கூட்டம் விலக விலக ஊர்ந்து, கடைசியில் கொல்லைப் பக்கத்துச் சந்து வழியாக ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதில் வந்தவர்கள் அவளைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டியிருந்தது. கைகள் மடங்கவில்லை. அவர் நெஞ்சில் எதையோ ஒட்டினார்கள், எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள், உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. மறுபடியும் ஒரு தரம். அதற்கப்புறம் அவர்களில் ஒருவர் கழுத்தில் நாடியைத் தொட்டுப் பார்த்து, "வந்துடுச்சி" என்றார். எது வந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பார்க்க விட்டபோது தொண்டைக்குள் குழாய், கையில் காலில் ஊசி. அவள் பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

அருண்பிரசாத் என்று ஒரு டாக்டர், சின்ன வயசுதான், அவளை வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார். "உயிரோடதான் இருக்காரும்மா. மூளைக்கு நல்லதுன்னு உடம்புச் சூட்டக் கொறச்சு வெச்சிருக்கோம். அதான் ஜில்லுனு இருக்கு."

"ஹார்ட் அட்டாக்கா சார்?"

"இல்ல. அது ரத்தக் கொழாய் அடைக்கிறது. இவருக்கு இதயத்தோட கரண்டுல கோளாறு. துடிக்கிறதுக்கு பதிலா சும்மா நடுங்கிட்டு நின்னு போச்சு. நின்ன நேரத்துல மூளைக்கு ரத்தம் போவல. கண்ணு முழிப்பாரா, முழிச்சா எப்படி இருப்பாருன்னு இப்ப சொல்ல முடியாது. காத்திருக்கணும்."

அதோடு அவர் இன்னொன்றும் கேட்டார். இப்படித் திடீரென்று இதயம் நின்று விழுகிறவர்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, அதில் இவரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று. ஆராய்ச்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் தமிழ்செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

"அவர வெச்சி ஏதாச்சும் மருந்து போட்டுப் பாப்பீங்களா?"

"இல்லம்மா. வைத்தியம் எல்லாருக்கும் குடுக்கிறதுதான். விழுந்தப்போ யார் பாத்தாங்க, யார் அழுத்தினாங்க, எப்போ ஷாக் குடுத்தாங்க, அப்புறம் வீட்டுக்குப் போயி எப்படி இருக்காங்கன்னு கேட்டு வெச்சுக்குவோம். அவ்ளோதான்."

"எத்தினி பேர் பொழைக்கிறாங்க?"

"வீட்ல விழுந்தவங்கள்ல ரொம்பக் கம்மி. நீங்க அழுத்தலன்னா இவர் இங்கயே வந்திருக்க மாட்டாரு. ஆனா அழுத்தினவங்க எல்லாரோட ஆளும் பொழைக்கிறதில்ல. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாதும்மா. அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சி."

டாக்டருக்கே தெரியாது என்பதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த டாக்டர் பொய் சொல்லவில்லை என்ற ஒன்றுக்காகப் போட்டதாகச் சொன்னாள்.

கோதண்டராமன் கண் விழித்தார். முதலில் யாரையும் பார்க்காத கண்ணாக இருந்தது. பிறகு அபிநயாவின் முகத்தில் நின்றது. குழாயை எடுத்த பிறகு கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேன யாரு எடுக்கிறா?" ஐ.சி.யூ.வில் இருந்த நர்ஸ்கள் சிரித்தார்கள். தமிழ்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பயம் அதோடு போயிருக்க வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மனதில் இல்லை. அதற்கு முந்திய சில வாரங்களும் இல்லை. புதிதாகச் சொல்வதும் மனதில் தங்கவில்லை. "எனக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்பார். அவள் சொல்வாள். அவர் முகம் வெளுக்கும், கை தன் நெஞ்சைத் தேடிப் போகும். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கேட்பார், "செல்வி, எனக்கு இன்னா ஆச்சு?" அவள் மறுபடி சொல்ல வேண்டும், அந்த முகம் மறுபடி வெளுப்பதைப் பார்க்க வேண்டும். ஒரே மனுஷனுக்கு அவன் செத்துப் பிழைத்த கதையை எத்தனை முறைதான் சொல்வது. ஒரு கட்டத்தில், "மயக்கம் போட்டு வியுந்துட்டீங்க" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள்.

இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைத்து அனுப்பினார்கள். இதயம் மறுபடி தடம் மாறினால் அதுவே உள்ளேயிருந்து ஷாக் கொடுத்து நேராக்கும். இனி குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டக் கூடாது என்று டாக்டர் அவர் காதுபடவே சொன்னார். மறுநாள் காலை அவர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். தமிழ்செல்வி குறுக்கே நின்றாள்.

"வழி உடு. புள்ளைங்க நிக்கும்."

"டாக்டர் வேணான்னாரு இல்ல?"

"எந்த டாக்டர்?"

வேன் ஓடும்போது விழுந்திருந்தால் என்று அவள் நினைத்துப் பார்க்காத காலையே இல்லை. சட்டையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் மறைத்தாள். அவர் அதைத் தேடுவதைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது.

மெல்ல மெல்ல நினைவு ஓரளவு திரும்பியது. தமிழ்செல்விக்குத்தான் எதுவும் திரும்பவில்லை. கடைக்குப் போவதை விட்டாள். மத்தியானம் அவர் கண் அசந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். ஏறவில்லை என்று தோன்றினால் கையை வைப்பாள். அவர் விழித்துக்கொள்வார். "இன்னும் உயிரோடதான் கீறேன், போ" என்பார். முதலில் சிரிப்பாகச் சொன்னார், பிறகு எரிச்சலாக. முருங்கைக்காயை அவள் கையால் ஒடிப்பதில்லை, கத்தியால் நறுக்குவாள். ஒடியும் சத்தம் கேட்டால் கை மரத்துப் போகும்.

அதைவிட ஆழமாக ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய மறதி தன் கையால் வந்ததோ என்பது. எலும்பு ஒடிந்தபோது ஒரு நொடி நிறுத்தினேனே, அந்த நேரத்தில்தான் மூளை காய்ந்து போனதோ. யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் இருவரும் பாதைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். பூக்கடை தாண்டியதும் கோதண்டராமன் "ஹக்" என்று ஒரு சத்தம் போட்டு முட்டி மடங்கி விழுந்தார். அவள் ரோட்டிலேயே அவரை மல்லாக்கத் தள்ளி நெஞ்சில் கையை வைத்துவிட்டாள். அவர் கையைத் தட்டிவிட்டார். முழு நினைவோடு இருந்தார். கண்ணில் தண்ணீர்.

"உள்ள இருந்து யாரோ ஒதைச்சாங்க செல்வி" என்றார். "மாடு ஒதைச்ச மாதிரி."

ஆஸ்பத்திரியில் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தார்கள். அருண்பிரசாத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கருவி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. அன்னிக்கு வந்த அதே கோளாறு திரும்ப வந்திருக்கு. இது இல்லன்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை.

அன்றுவரை பயம் ஒருத்திக்குத்தான். அதற்குப் பிறகு இருவருக்கும். அவர் நடப்பதை நிறுத்தினார். சத்தமாகச் சிரிப்பதில்லை, தும்மல் வந்தால்கூட அடக்கப் பார்ப்பார். அசைந்தால் உதை விழும் என்று அவருக்குள் ஒரு கணக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். எதிரே அவள். விடுமுறைக்கு வந்த அபிநயா இரண்டே நாளில் கிளம்பினாள். போகும்போது, "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினே உக்காந்திருக்கீங்க. எனக்கு வூட்டுக்கு வரவே பயமா கீதும்மா" என்றாள்.

ஆராய்ச்சிக்காக வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்களில் கஸ்தூரி என்ற பெண் அப்போதுதான் வந்தாள். முன்பு நர்ஸாக இருந்தவள். கோதண்டராமனிடம் இன்று என்ன கிழமை, இந்த மூன்று வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்டு முடித்தாள். கிளம்புவாள் என்று பார்த்தால் நாற்காலியைத் தமிழ்செல்வி பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க தூங்குறீங்களா?"

"எனக்கு இன்னா? நான் நல்லாத்தான் கீறேன்."

"அழுத்தினது நீங்கதானே. பொழைச்சவங்களையே கேட்டுக்கிட்டு இருந்தோம். அழுத்தினவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்கல. இப்பதான் கேக்கச் சொல்லியிருக்காங்க."

தமிழ்செல்வி பேச ஆரம்பித்தாள். எலும்புச் சத்தம், நிறுத்திய அந்த நொடி, மறதி, எல்லாம். கோதண்டராமன் பக்கத்திலேயே உட்கார்ந்து முதல்முறையாக முழுசாகக் கேட்டார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, தன் விலாவை விரலால் தடவிப் பார்த்தார்.

கஸ்தூரி அவர்களை டவுனில் ஒரு கூட்டத்துக்கு வரச் சொன்னாள். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள். பிழைக்காமல் போனவர்களின் வீட்டு ஆட்களையும் அழைத்திருந்தார்கள். அது தெரியாமல் வந்துவிட்ட தமிழ்செல்விக்குக் கணவரை எங்கே மறைப்பது என்று ஆகிவிட்டது.

மேடைக்குக் கீழே ஒரு பொம்மை கிடத்தப்பட்டிருந்தது. தலையும் நெஞ்சும் மட்டும் உள்ள ரப்பர் பொம்மை. அழுத்திப் பழக வைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், தொடவில்லை. அன்வர் பாஷா, வேலூர் ரோட்டில் டயர்க் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி அஸ்மத் சமையலறையில் விழுந்தார். பாஷாதான் அழுத்தினார். அஸ்மத்துக்கு உயிர் திரும்பவில்லை.

கஸ்தூரி யாரிடமோ தமிழ்செல்வியைக் காட்டிப் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. கிட்டே வந்தார்.

"நீங்கதானாம்மா வூட்டுக்காரரக் காப்பாத்துனது?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"நீங்க எப்படி அழுத்துனீங்கன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுவீங்களா? நான் எங்க தப்புப் பண்ணேன்னு பாக்கணும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியவில்லை என்றாள். பொம்மையின் பக்கத்தில் முட்டி போட்டாள். நெஞ்சில் கையை வைத்தாள். அழுத்தினாள். பொம்மைக்குள்ளிருந்து டக்கென்று ஒரு சத்தம். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் அப்படிச் சத்தம் வரும்படி செய்து வைத்திருக்கிறார்கள், அது அவளுக்குத் தெரியாது. வாயில் புளித்த நீர் ஊறியது. எழுந்து ஓடிவிடத்தான் நினைத்தாள். எதிரே அவர் குனிந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்திக்கொண்டே இருந்தாள், டக், டக் என்று அது சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

அன்வர் பாஷா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானும் இப்படித்தாம்மா பண்ணேன்" என்றார். "இதே மாதிரிதான். இதே மாதிரிதான்."

அருண்பிரசாத் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க பண்ணது சரி பாய். சரியாப் பண்ணியும் திரும்பாதவங்கதான் ஜாஸ்தி. நீங்க தப்புப் பண்ணல." பிறகு தமிழ்செல்வியைப் பார்த்து, "நீங்களும் இல்லம்மா. ஒரு நொடி நிறுத்தினதால வந்த மறதி இல்ல அது" என்றார். கஸ்தூரி அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் கையும் ஒரே மாதிரிதான் அழுத்தியிருக்கிறது. ஒருத்தர் வந்தார், ஒருத்தர் வரவில்லை. அப்படியென்றால் இவரை இழுத்து வைத்திருப்பது தன் கையும் அல்ல, கண்ணும் அல்ல. இத்தனை நாளாகக் காவல் காத்ததெல்லாம் எதையும் காக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்க்கவே பயந்தாள்.

வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். யாரோ தோளைப் பிடித்து உலுக்கி, "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டார்கள். விழித்தால் கோதண்டராமன். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ நேரமா கூப்புடறேன். எனக்குப் பயமாப் பூடுச்சி" என்றார்.

அவள் எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர்தான் சொன்னார், "நீ கடைக்குப் போ. இப்படியே இருந்தா ரெண்டு பேரும் வீணாப் பூடுவோம்."

போவதென்றால் அவரை யாரிடம் விடுவது? சொந்தக்காரர்கள் யாரையும் அவள் மனம் ஏற்கவில்லை. கடைசியில் அன்வர் பாஷாவின் டயர்க் கடைக்குப் போய் நின்றாள். பகலில் அங்கே உட்காரட்டுமா என்று கேட்டாள். அழுத்தத் தெரிந்த கை வேறு எங்கே இருக்கிறது? அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டாக்டரைக் கேட்டதில், மோட்டாரின் காந்தம் உள்ளே இருக்கும் கருவியைக் குழப்பலாம், காற்றடிக்கும் மோட்டாரிலிருந்து தள்ளியே உட்காரட்டும் என்றார்.

இப்போது காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். அவரை அங்கே இறக்கிவிட்டு அவள் வேங்கிக்காலுக்குப் போகிறாள். வேன் ஓட்டியவர், டயரின் தேய்மானத்தைப் பார்த்தே வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிடுகிறார். கருவி அதற்குப் பிறகு ஒருமுறை உதைத்தது. ஸ்டூலிலிருந்து சரிந்தார், அன்வர் பாஷா தாங்கிப் பிடித்தார். இன்னொரு தரம் உதைக்கலாம், உதைத்தும் நேராகாமல் போகலாம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது அன்வர் பாஷாவிடமிருந்து போன் வந்தது. தமிழ்செல்வி எடுத்துக் காதில் வைத்தாள். மெஷினின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

"ஒண்ணுமில்லம்மா" என்ற அவர் குரல் எனக்கே கேட்டது. "இவரு ஒரு ஸ்கூல் வேனுக்குத் தானே காத்து அடிக்கிறேன்றாரு. உடலாமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். மூச்சு வர நேரமாயிற்று.

"ட்யூப்ப மட்டும் பிடிக்கட்டும் பாய்" என்றாள். "மோட்டார நீங்க போடுங்க."